காந்தம் வழுக்கிய கார்

கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் தேங்காய் வாங்கும் தமிழர் காதருகே வைத்து ஆட்டுவார், விரல் கணுவால் தட்டுவார், நாலைந்தைக் கூடைக்கே திருப்பி அனுப்பிவிட்டுத்தான் ஒன்றை எடுப்பார். அந்தச் சந்தையிலேயே பாதி ஆயுளைக் கழித்த ஓர் அன்பர், வங்கி வேலையாக வந்தவர், ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பாதவர், பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கப் போனபோது எதையும் தட்டவில்லை. பானட்டில் தன் முகம் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தார். தெரிந்தது. தலையைக் கோதிக்கொண்டு முன்பணம் கொடுத்தார்.

விற்றவர் சொன்ன ஜாதகம் இது: 1974 மாடல், மார்க் 2, கட்டம் போட்ட கிரில், ஒரே கை, அதுவும் டாக்டர் கை, மழையில் வெளியே எடுத்ததே இல்லை. கொல்கத்தாவில் ஜூன் இரண்டாம் வாரம் பிடிக்கும் மழை துர்கா பூஜை நெருங்கும்போதுதான் விடும். வருஷத்தில் நாலு மாதம் வண்டியை எடுக்காத டாக்டரை நம்பி நோயாளிகள் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்டிருக்கலாம். பழைய காரைப் பார்த்து மயங்கியவருக்கு அந்த மாதிரிக் கேள்விகள் தோன்றுவதில்லை.

மயக்கத்துக்கும் நியாயம் உண்டு. அம்பாசடர் அந்த ஊர்ப் பிள்ளை. பிர்லா குடும்பம் 1942இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948இல் கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவுக்கு வந்து சேர்ந்தது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் என்ற ஆங்கிலேயக் காரின் அச்சில் 1950களின் கடைசியில் பிறந்த அம்பாசடர், 2014 மே மாதம் ஆலை நிற்கும்வரை முகத்தைப் பெரிதாக மாற்றிக்கொள்ளாமலே வந்துகொண்டிருந்தது. 2017இல் அந்தப் பெயரை மட்டும் பிரான்ஸின் பெஷோ நிறுவனம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வெறும் பெயருக்கே 80 கோடி என்றால், பெயரோடு காரும் சேர்த்துச் சில லட்சத்துக்குக் கிடைப்பது கொள்ளை மலிவு என்று அன்பர் கணக்குப் போட்டார். வங்கியில் இருந்தவர் கணக்கு. கடைசியில் அந்த வண்டியில் துருப்பிடிக்காமல் இருந்தது பெயர்ப் பட்டைதான் என்பது வேறு விஷயம்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் மல்லிக் பஜாருக்குப் போய்த்தான் ஆகவேண்டும். பார்க் ஸ்ட்ரீட், ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையைச் சந்திக்கும் இடத்தில், உயிர்விட்ட கார்களின் உறுப்புகளைத் தெருத்தெருவாகக் குவித்து விற்கிறார்கள். பக்கத்திலேயே கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத் துயிலும் கல்லறைத் தோட்டம். இரண்டுக்கும் ஒரு வித்தியாசம்: கல்லறையில் கிடப்பவர் முழுசாகக் கிடக்கிறார்.

அங்கேதான் அன்பர் ஒரு மிஸ்திரியைப் பிடித்தார். வயதானவர். டிங்கரிங் வேலையில் கை நரம்பெல்லாம் முறுக்கேறிப் போனவர். அன்பர் அவரை ‘சாச்சா’ என்றார்; அவர் அன்பரை ‘பாபு’ என்றார். வண்டியில் முன் பம்பரை மட்டும் சரி செய்தால் போதும் என்றுதான் பேச்சு. சாச்சா பம்பரைப் பார்க்கவே இல்லை. பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கூரையில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. பானட்டில் ஒட்டியது. கதவின் மேல்பாதியில் ஒட்டியது. கீழே இறக்க இறக்கப் பிடி தளர்ந்து, கடைசி ஒரு சாண் தூரத்தில் வழுக்கித் தரையில் விழுந்தது. சாச்சா குனிந்து அதை எடுத்துக்கொண்டு, துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில் சொன்னார்: “பாபு, இந்த இடத்தில் கார் இல்லை.”

கார் இல்லாத இடத்தில் இருந்தது பட்டி. பாலியஸ்டர் பிசினும் டால்க் பொடியும் கலந்த குழைவு. சிவப்பு ஹார்டனரைக் கொஞ்சம் பிதுக்கிக் கலந்தால் கால் மணி நேரத்தில் கல்லாகும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எந்த வளைவுக்கும் வளைந்து கொடுக்கும். 1950களில் அமெரிக்காவில் இது பரவுவதற்கு முன்பு, அதே வேலைக்குக் காரீயமும் வெள்ளீயமும் கலந்து உருக்கிப் பூசுவார்கள். அதற்குக் கைத்திறமை வேண்டும், விஷப்புகையும் தாங்க வேண்டும். பட்டிக்கு ஒரு தகடும் கொஞ்சம் துணிச்சலும் போதும்.

பட்டியைத் திட்டுவதும் சரியல்ல. பரிசு வாங்கும் கார்களிலும் அது உண்டு. தகட்டை நேராகத் தட்டி நிமிர்த்திய பிறகு, மீந்திருக்கும் சிறு பள்ளங்களை நிரப்ப மெலிதாக ஒரு பூச்சு. அதுதான் அதன் வேலை. கார்த் தகடே ஒரு மில்லிமீட்டர் கனம் தேறாது. பெயிண்ட் அதில் பத்தில் ஒரு பங்கு. அதன்மேல் விரற்கடை கனத்துக்குப் பட்டி ஏறினால், அப்புறம் பட்டி காரின்மேல் இல்லை, கார்தான் பட்டியில் தொங்குகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதென்று சொல்லி வளர்ந்த இனத்தவருக்கு, ஒரு முழு ஓட்டையைப் பெயிண்டில் மறைத்துவிடலாம் என்பது தெரியாமல் போய்விட்டது.

சாச்சா உளியை எடுத்தார். வெள்ளைப் பெயிண்ட் உரிந்தது. அதன் கீழே சாம்பல் பட்டி. அதன் கீழே மஞ்சள். டாக்டர் மஞ்சள் காரிலா போனார் என்று அன்பர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அதற்கும் கீழே இன்னொரு பட்டி, அதற்கும் கீழே கறுப்பு வந்தது. கொல்கத்தாவில் ஒரு காலத்தில் நகருக்குள் மட்டும் ஓடிய டாக்சிகள் கறுப்பும் மஞ்சளுமாக இருந்தன. வங்கம் முழுதும் ஓட அனுமதி பெற்றவை முழு மஞ்சள். ஆக, இந்த வண்டி முதலில் நகருக்குள் ஓடி, பிறகு மாநிலம் முழுதும் ஓடி, கடைசியில் எம்.பி.பி.எஸ். படித்திருக்கிறது.

டாக்சிக்காரர் மேல் அன்பருக்குக் கோபம் வந்தது. இந்தக் கட்டுரைக்கு வரவில்லை. எஃப்.சி. தேதி நெருங்கும், கதவடி பொத்தலாக இருக்கும். பொத்தலை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தால் பல நாள் வண்டி நிற்கும், அத்தனை நாளும் அடுப்பும் நிற்கும். பட்டி என்றால் ராத்திரி பூசி, காலையில் தேய்த்து, மதியம் மஞ்சள் அடித்துச் சாயங்காலம் ஹௌரா ஸ்டேஷனில் சவாரி ஏற்றலாம். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. அடுத்த வருஷத்திடம் கடன் வாங்கினார். அந்தக் கடனின் மொத்த வட்டியும் ஒரு முன்னாள் வங்கி அதிகாரி தலையில் விடிந்ததுதான் வேடிக்கை.

கதவுக்குக் கீழே, கால் வைத்து ஏறும் இடத்தில் நீளப்போக்கில் ஒரு பெட்டி போன்ற அமைப்பு உண்டு. அதைத் திறந்தபோது கோழி வலை வந்தது. வலைக்குப் பின்னால், பட்டி உள்ளே ஒழுகாமல் இருக்கத் திணித்த வங்காளிச் செய்தித்தாள் சுருள் வந்தது. அதுவரை வேகமாகப் போன வேலை அங்கே நின்றுவிட்டது. சாச்சா காகிதத்தை மடியில் வைத்து நீவிப் பிரித்தார். கால்பந்தில் மோகன் பகான் தோற்ற செய்தி. சாச்சா எதிரணியான ஈஸ்ட் பெங்கால் ஆள். பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார், எல்லோருக்கும் மண்குவளையில் டீ வந்தது. காசு அன்பருடையது.

துரு உள்ளிருந்து வெளியே வருகிறது என்பதுதான் இந்த விவகாரத்தின் சூட்சுமம். இரும்புக்கு நீரும் ஆக்சிஜனும் கிடைத்தால் போதும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே அது சுறுசுறுப்பாகிவிடும். கொல்கத்தாவின் ஜூலை 80ஐத் தாண்டும். கண்ணாடி ரப்பர் வழியாகக் கசியும் நீர் கால்மிதிக்கு அடியில் தங்கும். சக்கரம் வாரி அடிக்கும் சேறு மட்கார்டின் உள்மடிப்பில் அப்பிக்கொள்ளும். கதவின் அடியில் நீர் வடிய ஆலைக்காரர்கள் சிறு துளைகள் விட்டிருப்பார்கள்; அடுத்தடுத்து வந்த பெயிண்டர்கள் அக்கறையாக அவற்றையும் பட்டி வைத்து அடைத்திருப்பார்கள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் போதாமல் பெயிண்டை நெட்டித் தள்ளும். வெளியே மிளகளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு தகடு போய்விட்டது என்று பொருள்.

வடக்குக் கொல்கத்தாவில் வாங்குகிற வண்டி என்றால் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு: 1978 செப்டம்பர் வெள்ளத்தில் இது எங்கே நின்றது? ஆம்ஹர்ஸ்ட் தெரு, தன்தனியா பக்கமெல்லாம் சாதாரண மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும். ‘மாடியில் நின்றது’ என்று சொல்லும் விற்பனையாளரையும் சாச்சா பார்த்திருக்கிறார்.

ஏழை நாட்டு வியாதி என்று எண்ண வேண்டாம். இத்தாலியின் லான்சியா நிறுவனம், பீட்டா என்ற தன் கார் எஞ்சினைத் தாங்கும் சட்டம்வரை துருப்பிடித்த பழிக்கு ஆளாகி, 1980இல் பிரிட்டனில் விற்ற வண்டிகளைத் தானே திரும்ப வாங்க நேர்ந்தது. அன்பர் இந்தச் செய்தியை ஆவலோடு கேட்டுவிட்டு, உத்தர்பாராவுக்கு எழுதிப் பார்க்கலாமா என்றார்.

அம்பாசடரில் விஷயம் இன்னும் ஒரு படி மோசம். அதற்குத் தனியாக சேஸிஸ் கிடையாது, உடம்பே எலும்பு. கதவடிப் பெட்டி உளுத்தால் அழகு மட்டும் போகாது, முதுகும் போகும். சாச்சா அதை ஒரு ஜாக்கியால் நிரூபித்தார். நடுவில் முட்டுக்கொடுத்துத் தூக்கினார். தரையில் வெண்ணெயாய்த் திறந்த பின்கதவு இப்போது திறக்கவில்லை. இறக்கினார், திறந்தது. அன்பர் திரும்ப ஒருமுறை தூக்கச் சொன்னார். கார் நடுவில் மடிகிறது என்பதை ஒரு தடவையில் நம்ப அவருக்கு மனம் வரவில்லை.

இதே ஊரில் ஒரு காரைச் சரியாகப் புதுப்பித்த கதையும் உண்டு. 1941 ஜனவரி 16 நள்ளிரவு தாண்டி, எல்ஜின் சாலை வீட்டுக் காவலிலிருந்து சுபாஷ் சந்திர போஸை அண்ணன் மகன் சிசிர் குமார் போஸ் ஏற்றிச் சென்ற வாண்டரர் கார், எண் பி.எல்.ஏ. 7169. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் முகமது ஜியாவுதீனாக வேஷம் போட்ட நேதாஜி, கோமோ ரயில் நிலையத்தில் வண்டி மாறினார். வாண்டரர், ஆடி கார்களின் நான்கு வளையங்களில் ஒரு வளையத்துக்கு உரிய கம்பெனி. அந்த உறவு விட்டுப் போகாமல் ஆடி நிறுவனமே புதுப்பிக்கும் பொறுப்பை ஏற்று, 2017 ஜனவரி 18 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி முன்னிலையில் நேதாஜி பவனில் நிறுத்தியது. அந்தக் காரில் வேஷம் போட்டவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். மல்லிக் பஜாருக்கு வரும் கார்களில் வேஷம் போட்டது கார். உள்ளே உட்கார்ந்திருப்பவர்தான் அசல் அப்பாவி.

அன்பரின் கனவு ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையின் பழங்கார் பவனி. 1964இல் டெல்லியில் தொடங்கி 1968இல் கொல்கத்தாவுக்கும் வந்தது. குளிர்காலத்தில் நடக்கும், வெயில் இளசு, மழை இல்லை, பெயிண்ட் எல்லாம் ஜொலிக்கும். அதைப் பார்த்துவிட்டு அந்தச் சூட்டிலேயே கார் வாங்குபவர்கள் கூட்டம் ஒன்று வருஷாவருஷம் ஆஷாட மாதத்து முதல் மழையில் தன்னிடம் வரும் என்றார் சாச்சா. அவருக்குத் தீபாவளி ஜூலையில்தான்.

சட்டமும் தன் பங்குக்கு வந்தது. 2021இல் மத்திய அரசு, 50 வயது தாண்டிய வண்டிகளுக்கென்று தனிப் பதிவு கொண்டுவந்தது. எண் பலகையில் ‘வி.ஏ.’ எழுத்துகள், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். காட்சிக்கு, பவனிக்கு, பழுதுபார்க்க, பெட்ரோல் போடப் போகலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது. அதாவது லேக் மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போக முடியாது, போகும் வழியில் பெட்ரோல் மட்டும் போட்டுக்கொண்டு திரும்பலாம். இன்னொரு நிபந்தனை: சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அன்பர் இந்த வரியைச் சாச்சாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். பாதிக் கூடு கோழி வலையாக மாறியது மாற்றத்தில் சேருமா, அதை மறுபடி இரும்பாக மாற்றுவது சேருமா என்று இருவரும் விவாதித்தார்கள். வலையையும் செய்தித்தாளையும் பழையபடி உள்ளே வைத்துவிட்டால் சட்டப்படி பாதுகாப்பு என்பது சாச்சாவின் கட்சி.

அந்த அம்பாசடருக்குக் கதவடி இரண்டும் புதிதாக வளைத்துப் பற்றவைத்தாயிற்று. டிக்கித் தரை இன்னும் பாக்கி. பட்டி எத்தனை கிலோ வேண்டும் என்று வீட்டில் கேட்டபோது, இந்தத் தடவை அதிகம் பிடிக்காது என்று அன்பர் சொன்னார். “சுவத்துக்கும் சேத்து வாங்கிடுங்க, ஹால்ல விரிசல் இருக்கு” என்று பதில் வந்தது.

நோய் அத்தோடு தீரவில்லை. ஷியாம்பஜார் பக்கம் ஒரு பழைய வீட்டில் லேண்ட்மாஸ்டர் ஒன்று கிடப்பதாகத் தகவல். அம்பாசடருக்கு அண்ணன், 1950களின் நடுவில் அதே உத்தர்பாராவில் பிறந்தது. சாச்சாவையும் அழைத்துக்கொண்டு போனார். உரிமையாளர் வெட்கத்தோடு சாக்குப் படுதாவை விலக்கினார். பெயிண்ட் என்று எதுவும் இல்லை. கதவடியில் கை நுழையும். டிக்கித் தரை வழியாகத் தரை தெரிந்தது. அன்பர் காந்தத்தோடு மண்டியிட்டார். இரும்பு இருந்த இடத்திலெல்லாம் ஒட்டியது, இல்லாத இடத்தில் வெறும் ஓட்டை. நடுவில் ஒன்றுமே இல்லை. “சாச்சா, பட்டியே கிடையாது!” என்று தமிழிலேயே கூவிவிட்டார்.

உரிமையாளர் அவர் முகத்தைப் பார்த்தார். தொலைபேசியில் சொன்ன விலை தம்பியைக் கலக்காமல் சொன்னது, தம்பிக்குச் சம்மதமில்லை, இன்னும் ஐம்பதாயிரம் ஆகும் என்றார்.

டிராம் பாதையைக் கடக்கும்போது சாச்சா மெதுவாகச் சொன்னார்: “அடுத்த வண்டியை நான் தனியாகப் போய்ப் பார்க்கிறேன், பாபு.”