'தேங்கிங் யூ' எச்சமா, முற்றா?

தமிழ்நாட்டுப் பள்ளி மாணவரின் விடுப்புக் கடிதத்தில் நடுப்பகுதியை மருத்துவர்கள் ஆராயட்டும். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்பதன்றி வேறு நோய்க்கு அங்கே இடமில்லை. நாம் எடுத்துக்கொண்டது கடிதத்தின் அடியில், கையெழுத்துக்கு மேலே தனி வரியில் நிற்கும் 'தேங்கிங் யூ'வை.

அது எச்சம். நன்றி கூறி... கூறி? மேற்கொண்டு வினை இல்லை. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தை எச்சவியலோடு முடித்தார். நம் மாணவர் கடிதத்தை எச்சத்தோடேயே முடிக்கிறார்.

முற்று ஒரு காலத்தில் இருந்தது. பழைய ஆங்கிலக் கடிதங்களில் 'தேங்கிங் யூ, ஐ ரிமெய்ன், சார், யுவர் ஒபிடியன்ட் சர்வன்ட்' என்று வாக்கியம் படிப்படியாக இறங்கிக் கையெழுத்தில்தான் முடியும். பின்னாளில் 'ஐ ரிமெய்ன்' தேய்ந்து மறைந்தது. ஆகவே 'தேங்கிங் யூ'வுக்குப் பின் காற்புள்ளி இட்டு, அடுத்த வரியில் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று தொடர்வதே மரபு. முற்றுப்புள்ளி வைத்தே தீருவேன் என்பவர் 'தேங்க் யூ' என்று எழுதிவிட்டுப் போகலாம். ('யுவர்ஸ்' என்பதன் எஸ்ஸுக்கு முன்னே அப்பாஸ்ட்ரஃபி போடுவது முற்றிய நோய். அதற்குத் தனி ஆய்வேடு வேண்டும்.)

இதனோடு 'இன் அட்வான்ஸ்' சேர்ப்பதை அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்' நூலில் கண்டித்தார். முன்கூட்டியே நன்றி சொல்பவர் பிறகு இன்னொரு கடிதம் எழுதச் சோம்புகிறவராம். வெறும் 'தேங்கிங் யூ' போதுமாம், காரியம் கைகூடியபின் தனியே நன்றி எழுத வேண்டுமாம். இக்குற்றம் நம் மாணவரைச் சாராது. என்னை? இரண்டு நாள் விடுப்பை அனுபவித்து முடித்து, மூன்றாம் நாள் காலையில்தான் 'கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்' என்ற கடிதம் வகுப்பாசிரியர் மேசைக்கு வருகிறது. ஆக, வேண்டுகோள்தான் பிந்தியது; நன்றி உரிய காலத்தில் வந்தது.

மறைந்த 'ஐ ரிமெய்ன்' என்பதை மீட்டுச் சேர்த்தால் எச்சம் முடிந்துவிடுமே என்பாரும் உளர். இலக்கணம் ஒப்பும், வருகைப்பதிவேடு ஒப்பாது. வகுப்பில் இல்லாமைக்குக் காரணம் காட்டும் கடிதத்தில் 'இருக்கிறேன்' என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால், எந்த வகுப்பாசிரியரும் முதலில் கேட்பது 'எங்கே?' என்றுதான்.