விளக்கேந்தும் சுவர்கள்

கேள்வி: ‘அழகியும் மிருகமும்’ என்ற பழைய பிரெஞ்சுப் படம் கனவு போலவே இருக்கிறதே! கணினி இல்லாத காலத்தில் எப்படி எடுத்தார்கள்? நம் பக்கம் அப்படி ஏதாவது உண்டா? (வாசகர், பென்னாகரம்)

பதில்: ழான் கொக்தோவின் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் 1946-ல் வந்தது. சுவரிலிருந்து நீண்டு விளக்கேந்தும் கைகள், மறைவில் நின்ற ஆட்களின் நிஜக் கைகள். கதாநாயகி நடக்காமல் மிதந்து வருவது, சக்கரப் பலகையில் நிறுத்தி இழுத்ததால். மிருகமாக நடித்த ழான் மாரேக்கு ஒப்பனைக்கே பல மணி நேரம் பிடித்தது.

தமிழில் இதற்கு ஈடு, 1957-ன் ‘மாயா பஜார்’. ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி நிலவொளியையே செய்து காட்டினார். கடோத்கஜனான ரங்காராவின் வாய்க்குள் லட்டுகள் தாமாகப் பறந்தன. கொக்தோ மாயத்தை இருட்டில் வைத்தார், நம்மவர்கள் பந்தியில் வைத்தார்கள். இரண்டுமே அற்புதம்.

உங்கள் பக்கத்திலேயே இன்னொரு மாயமும் உண்டு: சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். உங்கள் பென்னாகரம் இருக்கும் தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே அந்தப் படத்தின் மந்திரக் குகை சொந்த மாவட்டத்துச் சரக்கு!