போலிக் காசோலை: நஷ்டம் யார் தலையில்?

கேள்வி: சரக்கு வாங்கியவர் தந்த காசோலை, போலி என்று வங்கியிலிருந்து திரும்பிவிட்டது. நஷ்டம் யாருக்கு? (ஈரோடு வாசகர்)

பதில்: சரக்கை ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உங்களுக்குத்தான். பணம் இல்லாமல் திரும்பும் காசோலைக்கு செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவு துணை நிற்கும். அச்சடித்த போலிக்குப் போலீஸ் புகார்தான் வழி. வங்கி தரும் ரிட்டர்ன் மெமோவைப் பத்திரப்படுத்துங்கள், அதுவே முதல் சாட்சி.

உங்கள் பெயரில் கள்ளக் கையெழுத்திட்ட காசோலைக்கு வங்கி பணம் கொடுத்துவிட்டதா? உங்கள் கணக்கில் கழிக்க அதற்கு உரிமையில்லை என்று 1987-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் எழுதினால், 2021 முதல் நடப்பிலுள்ள பாசிட்டிவ் பே வசதியில் காசோலை விவரத்தை வங்கியிடம் முன்கூட்டியே பதியுங்கள்.

போலிக்குத்தான் மாப்பிள்ளை மிடுக்கு அதிகம். பணம் கணக்கில் ஏறட்டும், பிறகு லாரி கிளம்பட்டும்!