வலம் வந்த தோஷம்

எங்கள் வீட்டுப் பிக்கப் 1960இல் பிறந்தது. எனக்கு மூன்று வயது மூத்தது. மொறிஸ் மைனர், 948 சி.சி., நாலு சிலிண்டர். அப்பா இருந்தவரை இணுவிலிலிருந்து சுன்னாகம் சந்தைக்கு வெங்காயமும் பீற்றூட்டும் ஏற்றியது. 1990களில் பெற்றோல் கண்ணிலேயே தட்டுப்படாதபோது, காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, மீதித் தூரமெல்லாம் மண்ணெண்ணெயில் ஓட்டினார். அப்போது யாழ்ப்பாணமே அப்படித்தான் ஓடியது. அதையெல்லாம் குடித்துச் செமித்த எஞ்சினுக்கு, இன்று 92 ஒக்ரேன் பெற்றோல் குடித்து என்னிடம் வந்து அஜீரணம்.

ஆரம்பத்தில் வருத்தம் சின்னதுதான். அக்சிலேற்றரை மிதித்தால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் இழுக்கும். முப்பது வருடம் கந்தோரில் இருந்த எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு, பேசாமல் விட்டிருக்கலாம். ஆனால் இந்த வண்டியின் எஸ்.யூ. காபரேற்றரை ஆக்கிய ஸ்கின்னர் சகோதரர்கள் இங்கிலாந்தின் சப்பாத்து வியாபாரக் குடும்பத்தவர்கள் என்று எங்கோ வாசித்திருந்தேன். தொடக்கத்தில் அதற்குள் தோல் துருத்திதான் வைத்தார்களாம். சப்பாத்துக்காரருக்கு இயலுமென்றால் கந்தோர்க்காரனுக்கு இயலாதா? பொனற்றைத் திறந்தேன்.

நாலு பிளக்கையும் கழற்றி, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, இடைவெளியை 0.025 அங்குலத்துக்கு வைத்தேன். வயர் நுனிகளில் கறுத்துப்போன நூல் ஏதோ சுற்றியிருந்தது. இத்தனை வருடத்து அழுக்கு! பிளேட்டால் வெட்டிக் குப்பையில் போட்டேன். எல்லாம் பளிச்சென்று ஆனபிறகுதான் எந்த வயர் எந்தப் பிளக்குக்கு என்ற கேள்வி வந்தது. புத்தகம் இருக்கப் பயமேன்? நெருப்பு விழும் ஒழுங்கு 1-3-4-2. முதலாவது வயர் நினைவிருந்தது. டிஸ்ரிபியூற்றர் மூடியில் அதிலிருந்து தொடங்கி, சைவப்பிள்ளை கோயில் வீதி சுற்றுவதுபோல வலமாக எண்ணிச் செருகினேன்.

திறப்பைத் திருப்பினேன். பெற்றோல் பம்ப் டிக் டிக் என்றது. எஞ்சின் பிடித்தது, பிடித்ததும் உருவேறி ஆடத் தொடங்கியது. காபரேற்றர் தும்மியது. மதிலில் படுத்திருந்த பூனை அன்றைக்குப் போனதுதான்.

சத்தம் கேட்டு ஒழுங்கையே கூடிவிட்டது. எங்கள் ஊரில் வருத்தம் பார்க்க வருகிற எவரும் மருந்து சொல்லாமல் போவதில்லை. உழவு மெசின் வைத்திருக்கும் மாமா, "வால்வு எரிஞ்சு போச்சு, ஹெட்டைக் கழட்டோணும்" என்றார். அவருடைய மெசினுக்குப் போன மாதம்தான் வால்வு மாற்றினது. முன்வீட்டு வாத்தியார், "பெற்றோலிலை தண்ணி" என்றார். பால்காரனிடமும் அவர் அதையேதான் சொல்வார். ரொறன்ரோவிலிருந்து வீடியோவில் வந்த மச்சான், "சென்சர் போயிருக்கும், கொம்பியூற்றரைப் போட்டுப் பார்" என்றான். இந்த வண்டியில் உணர்ச்சியுள்ள பாகம் ஒன்றே ஒன்றுதான். அது ஸ்ரியறிங்குக்குப் பின்னால் வியர்த்துக்கொண்டிருந்தது.

ஒருவர் மனமும் நோகக்கூடாதென்று பெற்றோலை வடித்தேன். பொயின்ற் இடைவெளியை 0.015 அங்குலத்துக்குச் சரிபார்த்தேன். கண்டென்சரை மாற்றினேன். கலவை நட்டை ஒரு சுற்று இறுக்கி, இரண்டு சுற்று இளக்கி, எங்கே தொடங்கினேன் என்பதை மறந்தேன். மூன்றாம் நாள் மனைவி வந்து பார்த்துவிட்டு, "கோழிக்கூட்டுக்கு அளவான சாமான்" என்றாள்.

நாலாம் நாள் அப்பாவின் பழைய மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். எண்பதைத் தொட்ட மனிசன். பொனற்றுக்குள் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"தம்பி, கடைசியா என்னத்திலை கை வைச்சனீர்?"

"பிளக்கிலை, ஐயா."

"ஆட்டம் எப்ப தொடங்கினது?"

"பிளக்கைப் பூட்டின பிறகு."

மேற்கொண்டு அவர் ஒன்றும் கேட்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு வயர்களை ஒவ்வொன்றாக இழுத்தார். ஒன்றையும் நாலையும் இழுத்தபோது எஞ்சின் சாகப் பார்த்தது. இரண்டையும் மூன்றையும் இழுத்தபோது அதற்கு ஒரு கவலையும் இல்லை. "ரெண்டு பேர் உழைக்கினம், ரெண்டு பேர் சும்மா இருக்கினம்" என்றார். கந்தோர் ஞாபகம் வந்தது எனக்கு.

எஞ்சினை நிறுத்தி, மூடியைத் திறந்து, உள்ளே சுழலும் கை எந்தப் பக்கம் போகிறதென்று காட்டினார். இடப்பக்கம்! "கோயிலிலைதான் தம்பி வலம். இவன் அப்பிரதட்சணம்." இரண்டையும் மூன்றையும் இடம் மாற்றிப் பூட்டினார். கலவையைக் காதால் கேட்டே வைத்தார். இணுவில் தவில்போல எஞ்சின் தாளம் தப்பாமல் வாசித்தது.

பழைய யோசனை மட்டும் மிச்சமிருந்தது. காபரேற்றரின் உச்சியிலுள்ள மூடியைக் கையாலேயே திருகி எடுத்தார். உள்ளே வறண்டிருந்தது. மிதித்தவுடன் பிஸ்டன் துள்ளி எழாமல் மெல்ல எழுவதற்கு அங்கே கொஞ்சம் ஒயில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று முந்தும், பெற்றோல் பிந்தும். கொஞ்சம் ஒயில் விட்டு மூடினார். யோசனை தீர்ந்தது.

கை துடைத்துக்கொண்டே கேட்டார்: "வயரிலை கொப்பர் நூல் கட்டி வைச்சிருந்தவரே, எங்கை? முதலாவதுக்கு ஒரு சுத்து, ரெண்டாவதுக்கு ரெண்டு சுத்து..."

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குப்பையை முந்தநாளே எரித்தாயிற்று.

விறாந்தையில் இருந்த அம்மா எழும்பி உள்ளே போனா. தையல் பெட்டியிலிருந்து நூல்கட்டையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தா.

"அப்பவும் நான்தான் குடுத்தனான்" என்றா. "இனி வெட்ட முதல் கேள்."