டொமினோ பிடிபடாமை: 4 அடித் தொட்டியை முன்வைத்து ஓர் ஆய்வு

கற்பிட்டிக்கு அப்பால் கிடக்கும் பார் றீஃப் கடற்சரணாலயத்தின் பரப்பு ஏறத்தாழ 306 சதுர கிலோமீற்றர். மதுரங்குளியில் எங்கள் முன்னறைத் தொட்டி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். திறந்த கடலில் யாரோ ஒரு சுழியோடி கைவலையால் கோலியெடுத்த மீனை, இந்தத் தொட்டியில் என்னால் 7 மாதமாகப் பிடிக்க முடியவில்லை. இடம் குறையக் குறையப் பிடிபடும் வாய்ப்பும் குறையும் என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

முதலில் சொல்லாராய்ச்சி. மன்னார் முத்துக்குளிப்புக் காலத்திலிருந்தே கடலடிப் பாறைத்திட்டை நம்மவர் ‘பார்’ என்பார்கள். றீஃப் என்றாலும் கிட்டத்தட்ட அதுதான். எனவே பார் றீஃப் என்பது ‘நடு சென்டர்’ வகைச் சொல். இல்லை, அது மணல்திட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்று வாதிடுவோரும் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் தொட்டி இருக்காது.

எங்கள் பார் சீமெந்துப் பார். கடலில் பவளக்கல் எடுப்பது குற்றமாகையால் சீமெந்தும் மணலும் குழைத்து 17 கல் வார்த்தேன். காரம் இறங்க இரண்டு மாதம் தண்ணீரில் ஊறப்போட்டேன். மீன்கள் ஒளிந்து விளையாடட்டும் என்று ஒவ்வொன்றிலும் ஆசை ஆசையாகப் பொந்து வைத்தேன். பிடிபடாமைக்கு வேண்டிய உட்கட்டமைப்பு முழுவதும் ஆய்வாளரின் சொந்தச் செலவில் அமைந்தது என்பதை இங்கே பதிந்துவிட வேண்டும்.

ஆய்வுக்குரிய மீனைக் கடைக்காரர் டொமினோ என்றார். ரூப்பெல் 1829இல் இதை விவரித்து, மூன்று புள்ளிக்காரன் என்று பொருள்படப் பெயரிட்டார். கறுத்த உடம்பு, நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, விலாவுக்கு ஒன்று. வாங்கும்போது கட்டைவிரல் நகமளவு, பார்த்தால் பாவமாயிருக்கும். வளர வளரப் பொட்டு மங்கும், குணம் கறுக்கும். இன்று தொட்டியிலுள்ள மற்ற மீனான நீமோவின் வாலிலும் என் சுட்டுவிரலிலும் அதன் பல் பட்டிருக்கிறது.

கைவலை தோற்றதற்கு நான் முதலில் ஒளியியலைக் குற்றஞ்சாட்டினேன். நீரின் முறிவுச் சுட்டி 1.33, கண்ணாடிக்கு 12 அங்குலம் உள்ளே நிற்கும் மீன் 9 அங்குலத்தில் நிற்பதாகத் தோன்றும். நல்ல சாக்கு. ஆனால் தண்ணீருக்குள் இறங்கிய வலையும் அதே பிழையோடுதான் தெரியும் என்பது இரண்டாம் வாரத்தில் உறைத்தது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று இலக்கணம் சொல்வதற்கு, வலையும் கையுமாகத் தொட்டி முன் நிற்பவனுக்கு உரை தேவைப்படாது.

உண்மைக் காரணம் கல்வி. ஆரன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1951இல் ஒரு சின்னக் கரையோர மீனைப் பற்றி எழுதினார். வற்றுநேரத்தில் அது ஒரு குட்டையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அடுத்த குட்டைக்குக் குறி தவறாமல் துள்ளும். பெருக்கு நேரத்தில் மேலால் நீந்தித் தரையைப் பாடமாக்கி வைத்திருக்கும். அவுஸ்திரேலிய வானவில் மீன்களை வைத்துக் கல்லம் பிரவுன் 2001இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கலக்கமூட்டுவது. நகர்ந்து வரும் வலையில் தப்பும் ஓட்டை எங்கே என்பதை அவை ஐந்தே முறையில் கற்றன. 11 மாதம் கழித்தும் மறக்கவில்லை. நான் டொமினோவுக்கு 23 முறை வலை போட்டிருக்கிறேன். கடலில் அந்தச் சுழியோடியை அது ஒரே ஒரு தடவைதான் கண்டது. என்னை விடிந்தால் பொழுதுபட்டால் பார்த்துக்கொண்டிருக்கிறது. வலையை எடுக்க எழும்புகிறேனா, தேத்தண்ணிக்கு எழும்புகிறேனா என்பது அதற்குத் தெரியும்.

அடுத்தது போத்தல் பொறி. ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டி உட்புறமாகத் திருப்பிச் செருகினால் பழைய மீன்பறிதான். உள்ளே ஒரு துண்டு இறால். அதற்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. முதல் நிமிடமே நீமோ அகப்பட்டது. விட்டேன். திரும்பவும் நீமோ. மூன்றாம் முறை நான் பொறியைத் தூக்க முதலே அது வாசலில் நின்றது. டொமினோ ஒரு சாண் தள்ளி நின்று மேற்பார்வை செய்தது.

கடைசியில் பாரையே பெயர்த்தேன். 17 கல்லையும் ஒவ்வொன்றாக வாளிகளுக்கு மாற்றிப் பார்த்தால், வெறுந்தொட்டியில் நீமோவைத் தவிர யாருமில்லை. தரையில் தேடினேன், சோபாவுக்கு அடியில் தேடினேன். துள்ளி விழுந்து செத்திருக்கும் என்று முடிவுகட்டி, கொஞ்சம் கவலைப்பட்டு, இரண்டு மணித்தியாலத்தில் எல்லாக் கல்லையும் வாளித் தண்ணீரோடு திருப்பி இறக்கினேன். மூன்றாம் கல்லின் பொந்திலிருந்து டொமினோ வெளியே வந்தது.

மீன் பிடிபட்டிருக்கிறது, பிடித்தவனுக்கு மட்டும் தெரியவில்லை. இதற்கு ‘அறியாப் பிடி’ என்ற கலைச்சொல்லை முன்மொழிகிறேன். இதைப் பிடித்தலின் வகையில் சேர்ப்பதா, விடுதலின் வகையில் சேர்ப்பதா என்று நான் குழம்பிக்கொண்டிருக்கையில், உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“கறுப்பா ஒண்டு வாளிக்குள்ள சுத்திச் சுத்தி ஓடினிச்சே மகன், அதையா தேடினீங்க?”

“அப்பவே சொல்லியிருக்கலாமே உம்மா!”

“நீங்க ஆராய்ச்சி எண்டு சொன்னீங்களே.”