சின்ன இன்ஜின், பெரிய பிக்கப்: டர்போ கார் கேள்வி-பதில்

கேள்வி: 120 குதிரைத்திறன் காரை வாங்கி, காலையும் மாலையும் பெருங்களத்தூரில் ஊர்ந்துகொண்டிருக்க எதற்கு அவ்வளவு காசு? (ஒரு வாசகர், செங்கல்பட்டு)

பதில்: பெருங்களத்தூரில் நிற்கும்போது 120-ம் ஒன்றுதான், 60-ம் ஒன்றுதான். வண்டலூர் தாண்டி வழி விட்டதும் பாருங்கள். டர்போ காரின் சுகம் 150 கி.மீ. வேகத்தில் கிடையாது, 30-க்கும் 80-க்கும் நடுவில் இருக்கிறது. நாம் தினமும் ஓட்டுவது அந்த வேகத்தில்தானே!

சாதாரண 1.2 லிட்டர் ஐ20-யின் அதிகபட்ச டார்க் சுமார் 115 நியூட்டன் மீட்டர். அதற்கும் இன்ஜின் நிமிடத்துக்கு 4,200 சுற்று வரை கத்த வேண்டும். அதே காரின் டர்போ வடிவமான என்-லைனில் 172 நியூட்டன் மீட்டர். 1,500 சுற்றிலேயே வந்துவிடும். 4,000 வரை குறையாமல் நிற்கும்.

நெல்லிக்குப்பம் பக்கம் இருவழிச் சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் கரும்பு டிராக்டர், இரண்டு டிரெய்லர், இருபக்கமும் ரோட்டை உரசும் தோகை. எதிரே தூரத்தில் ஒரு பஸ். நீங்கள் மூன்றாவது கியரில் 40-ல் வருகிறீர்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கிறீர்கள். ஒரு கணம் ஒன்றும் நடக்காது. அடுத்த கணம் முதுகு சீட்டில் பதியும். டிராக்டரைத் தாண்டி இடப்பக்கம் வந்து சேர்ந்த பிறகும் பஸ் தூரத்திலேயே இருக்கும். எதிர்த்திசைப் பாதையில் நீங்கள் இருக்கும் நேரம் குறைகிறது. நான் காசு கொடுப்பது அந்தச் சில நொடிகளுக்காக.

கேள்வி: என் மகன் சாப்பிடும்போதுகூட டர்போ, டர்போ என்கிறான். அது என்னதான் செய்கிறது? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: கொல்லன் உலைக்குத் துருத்தி எப்படியோ, இன்ஜினுக்கு டர்போ அப்படி. காற்று அதிகம் போனால் பெட்ரோலை அதிகம் எரிக்கலாம். சின்ன இன்ஜினிலிருந்து பெரிய இன்ஜினின் பலம் வரும். இந்தத் துருத்தியை ஊத ஆள் வேண்டாம் என்பதுதான் அழகு. சைலன்ஸர் வழியாக வீணாகப் போக இருந்த சூடான புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. வேகம் எவ்வளவு தெரியுமா? நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டும். சுவிட்சர்லாந்து இன்ஜினீயர் ஆல்ஃபிரெட் பூக்கி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

மிதித்ததும் ஒரு கணம் ஒன்றும் நடக்காது என்றேன் அல்லவா? புகை சேர்ந்து அந்தச் சக்கரம் வேகம் பிடிக்கும் நேரம் அது. டர்போ லாக் என்பார்கள். மகன் அடுத்த முறை பேச்செடுத்தால் லாக் எவ்வளவு என்று கேளுங்கள். தோசையைக்கூட மறந்து பேசுவான்.

கேள்வி: எல்லாக் கம்பெனியும் ஏன் 1 லிட்டர், 1.2 லிட்டர் டர்போவாகவே தருகிறது? பெரிய இன்ஜின் போட்டால் என்ன? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: வரி! 2006 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம், சின்ன கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆக்கினார். நீளம் நாலு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1,200 சி.சி.க்குள் இருந்தால் சின்ன கார். வரி மாறினாலும் கோடு அப்படியே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே ஜி.எஸ்.டி. 18 சதவீதம், வெளியே 40. என்-லைனின் நீளம் 3,995 மி.மீ., இன்ஜின் 998 சி.சி. அளந்து தைத்த சட்டை. 2015-ல் வந்த அபார்த் புன்ட்டோ 145 குதிரைத்திறன் கொண்டது, நீளமும் நாலு மீட்டருக்குள்தான். ஆனால் 1.4 லிட்டர் இன்ஜின், சலுகை கிடைக்கவில்லை. நல்ல வண்டி. இன்னும் பலர் வைத்திருந்திருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

கேள்வி: கம்பெனி லிட்டருக்கு 20 என்கிறது. எனக்கு 11 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது. ஏமாந்துவிட்டேனா? (ஒரு வாசகர், வேளச்சேரி)

பதில்: இல்லை. அந்த 20 சோதனைக்கூடத்துக் கணக்கு. வேளச்சேரி சிக்னல் சோதனைக்கூடத்தில் இல்லை. டர்போ இன்ஜின் மெதுவாக மிதித்தால் சின்ன இன்ஜினாக நடந்துகொள்ளும், அழுத்தி மிதித்தால் பெரிய இன்ஜினாகச் செலவு வைக்கும். நாலுவழிச் சாலையில் 90-ல் சீராகப் போய்ப் பாருங்கள், அதே வண்டி 17-ஐத் தாண்டிக் கொடுக்கும். ஒவ்வொரு லிட்டரையும் எண்ணித்தான் ஆகவேண்டும் என்றால் சி.என்.ஜி. கார் பாருங்கள். அதில் தாழ்வு ஒன்றும் இல்லை.

கேள்வி: ஐ20 என்-லைன், ஆல்ட்ராஸ் ரேஸர், பழைய போலோ ஜிடி. மூன்றில் ஒன்று சொல்லுங்கள். (ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: தினமும் ஓட்ட என்றால் என்-லைன். சாதாரண ஐ20-யின் உடம்பு என்றாலும் சஸ்பென்ஷன் இறுக்கம், ஸ்டீயரிங் கனம், நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், சைலன்ஸரில் அளவான ஒரு உறுமல். 2023-ல் ஆறு கியர் மேனுவலும் சேர்த்தார்கள்.

2024-ல் வந்த ஆல்ட்ராஸ் ரேஸரும் அதே 120 குதிரைத்திறன்தான். 170 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் மேனுவல். கதவை ஒருமுறை சாத்திப் பாருங்கள், அந்தக் கனத்துக்காகவே வாங்கத் தோன்றும்.

போலோ பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பக்கம் போதாது. 2013-ல் ஜிடி டிஎஸ்ஐ வந்தபோது 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக். பத்து லட்சத்துக்குள் அப்படி ஒரு கார் அதுவரை இந்தியாவில் இல்லை. 2020-ல் 1 லிட்டர், மூன்று சிலிண்டர், 110 குதிரைத்திறன் என்று மாறியது. 2022-ல் நிறுத்திவிட்டார்கள். வேகத்தில் வளைவுக்குள் திருப்பும்போது அந்த வண்டி கொடுக்கும் தைரியம் புதுசுகளில் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. பின் சீட்டு சின்னது. பெரிய குடும்பம் என்றால் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிவப்பா, வெள்ளையா? (ஒரு வாசகி, சேலம்)

பதில்: வெள்ளை. சேலத்து மே மாதம் உங்களுக்குத் தெரியாததா!

கேள்வி: மேனுவல் நல்லதா, டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் நல்லதா? (ஒரு வாசகர், போரூர்)

பதில்: போரூர் என்று எழுதியிருக்கிறீர்களே, இடது காலுக்கு ஓய்வு கொடுங்கள். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இந்த வகைக் கார்களில் பெரும்பாலும் வருவது டிரை கிளட்ச், ஆயிலில் முங்கியிருக்காது. அடி அடியாக நகர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்ந்து சூடேறும். முன்வண்டி நகர்ந்த உடனே நகராதீர்கள். இரண்டு கார் நீளம் இடம் விழட்டும், பிறகு ஒரே வீச்சில் போய் நில்லுங்கள். நடுவில் பைக் புகும், புகட்டும். மேம்பால ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். அதற்குத்தான் பிரேக் இருக்கிறது.

கேள்வி: ஓட்டி வந்து நிறுத்தியதும் ஆஃப் பண்ணக் கூடாது என்கிறாரே எங்கள் மெக்கானிக்? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

பதில்: அவரை மாற்றிவிடாதீர்கள், விவரமானவர். அத்தனை வேகத்தில் சுற்றும் டர்போவின் தண்டு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதக்கிறது. பக்கத்திலேயே கொதிக்கும் புகை. விரட்டி வந்து சட்டென்று ஆஃப் பண்ணினால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும், சூடு நிற்காது. உள்ளே தங்கிய ஆயில் கருகிப் படியும். இப்போதைய வண்டிகளில் டர்போவைச் சுற்றித் தண்ணீரும் ஓடுவதால் பயம் குறைவு. ஊருக்குள் மெதுவாக ஓட்டி வந்தால் உடனே ஆஃப் பண்ணலாம். பைபாஸில் விரட்டி வந்து ஓட்டல் வாசலில் நிறுத்துகிறீர்கள் என்றால் ஒரு நிமிடம் ஓடட்டும். காலையிலும் அப்படியே: ஸ்டார்ட் பண்ணியதும் மிதிக்காமல் முதல் சில கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள்.

ஆயில் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. கையேட்டில் போட்டிருக்கும் கிரேடு, ஃபுல் சிந்தெடிக். நகர நெரிசலிலேயே ஓடும் வண்டிக்குக் கம்பெனி சொல்லும் கெடுவுக்கு முன்பே மாற்றுங்கள். ஆயில் செலவு ஆயிரங்களில் முடியும். டர்போ போனால் லட்சத்தைத் தொடும்.

கேள்வி: கொல்லிமலைக்குச் சின்ன டர்போ வண்டி சரிப்படுமா? (ஒரு வாசகர், நாமக்கல்)

பதில்: சரிப்படும், ஆனால் கியர் போடத் தெரிய வேண்டும். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்குள் இரண்டாவது கியரில் நுழைந்தால் வேகம் செத்து இன்ஜின் 1,500 சுற்றுக்குக் கீழே இறங்கிவிடும். அங்கே டர்போ ஊதாது. வண்டி வெறும் 1 லிட்டர் காராகித் திணறும். புதிதாக ஓட்டுபவர்கள் அங்கேதான் பதறி முழுசாக மிதிப்பார்கள். டர்போ திடீரென்று விழித்து முன்சக்கரம் மண்ணில் சுழலும். வளைவு வருவதற்கு முன்பே முதல் கியருக்கு வாருங்கள். நிதானமாகத் திருப்புங்கள். ஸ்டீயரிங் நேரான பிறகு மிதியுங்கள். மூன்று நாலு வளைவில் கை பழகிவிடும். அதன் பிறகு ஒவ்வொரு வளைவும் விருந்து.

இறங்கும்போது சின்ன இன்ஜின் வண்டியை அதிகம் பிடித்து நிறுத்தாது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஊட்டி மாதிரி 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறையும், சாதாரண இன்ஜின் மூச்சு வாங்கும். டர்போ அந்தக் குறையைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

கேள்வி: கார் எனக்குச் சொர்க்கம். பின் சீட்டில் அம்மாவுக்கு இடுப்பு வலி. என்ன செய்ய? (ஒரு வாசகர், கோவில்பட்டி)

பதில்: முதலில் அம்மாவை முன் சீட்டுக்கு அழைத்து வாருங்கள். பின் சீட்டு பின்சக்கரத்துக்கு மேலேயே இருப்பதால் குலுக்கல் முழுதும் அங்கே வந்து சேரும். அடுத்து காற்று. பங்க்கில் கேட்காமல் 35 அடித்துவிடுவார்கள். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் போட்டிருப்பதை மட்டும் அடிக்கச் சொல்லுங்கள், டயர் ஆறியிருக்கும்போது. 195/55 அளவு டயரின் பக்கச் சுவர் 11 சென்டிமீட்டர்கூட இல்லை. பள்ளத்தில் வேகமாக இறங்கினால் அம்மா இடுப்போடு டயரும் வீங்கும்.

கேள்வி: ஈசியூ ரீமேப் செய்தால் 150 குதிரைத்திறன் வரும் என்கிறார்கள். செய்யலாமா? (ஒரு வாசகர், அம்பத்தூர்)

பதில்: வேண்டாம். இன்ஜின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிப் பலத்தைக் கூட்டலாம், ஆனால் கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் கம்பெனி டார்க்குக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை. வாரன்ட்டி போகும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்பார். சத்தம் போடும் சைலன்ஸரும் சேர்த்து மாட்டினால் போலீஸ்காரரும் கேட்பார். அந்தப் பணத்தில் நல்ல டயர் நாலு வாங்கிப் போடுங்கள். ஈர ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது எது பெரிய பலம் என்று தெரியும்.

கேள்வி: மகனுக்கு 18 முடிந்து லைசென்ஸ் வந்துவிட்டது. முதல் காராக டர்போ கேட்கிறான். (ஓர் அம்மா, திருநெல்வேலி)

பதில்: அம்மா, ஒரு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள். சாதாரண காரில் மழை, இரவு, மலை மூன்றையும் பார்த்துவிட்டு வரட்டும். டர்போ வண்டி பலத்தைப் படிப்படியாகத் தராது, மொத்தமாகத் தரும். முதல் மழையில் ஆயிலும் புழுதியும் கலந்து வழுக்கும் ரோட்டில், அனுபவம் இல்லாத கால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. வாங்கும்போது வண்டி வழுக்காமல் காக்கும் இ.எஸ்.சி.யும் ஆறு ஏர்பேக்கும் இருக்கட்டும், அதில் பேரம் வேண்டாம். முழு வேகம் பார்க்கும் ஆசை அவனுக்கு வரத்தான் செய்யும், தப்பில்லை. என்-லைன் தயாராகும் இருங்காட்டுக்கோட்டையிலேயே ரேஸ் டிராக்கும் இருக்கிறது. டிராக் திறந்துவிடும் நாளில் ஹெல்மெட்டோடு அங்கே போகட்டும். எதிரே யாரும் வர மாட்டார்கள்.

கேள்வி: 95 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் கார் பறக்குமா? (ஒரு வாசகர், கடலூர்)

பதில்: பறக்காது. 91-க்கே ட்யூன் செய்த இன்ஜின் அது. வெயிலில் ஐந்து பேரோடு மலை ஏறும்போது 95 கொஞ்சம் உதவும். பெட்ரோல் தப்பான நேரத்தில் எரிந்து தட்டும் 'நாக்' வராமல் இருக்க இன்ஜின் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அந்தக் குறைப்பு குறையும். 100 ஆக்டேன் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு டர்போ கார் பார்த்து வைத்திருக்கிறேன். எதைப் பார்த்து வாங்க? (ஒரு வாசகர், கோவை)

பதில்: சர்வீஸ் ரசீதுகளைத் தேதி வாரியாகக் கேளுங்கள். ஆயில் மாற்றியதில் இடைவெளி விழுந்திருந்தால் விலையே பேச வேண்டாம். ஓட்டும்போது இரண்டாவது கியரில் முழுசாக மிதியுங்கள். விசில் மெல்லியதாக இருந்தால் சரி. சைரன் மாதிரி ஏறினால் டர்போ தேய்ந்திருக்கிறது. ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆட்டோமேட்டிக் என்றால் ஒரு நெரிசலில் ஊர்ந்து பாருங்கள், உதறல் இருந்தால் கிளட்ச் செலவு காத்திருக்கிறது. இதெல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிச் சூடேற்றி வைத்திருந்தால், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.