ஒரே ஆள், பதினொரு கல்லூரி, முழுநேர வேலை

பெறுநர்: உயர்திரு பதிவாளர் அவர்கள், அண்ணா பல்கலைக்கழகம், கிண்டி, சென்னை – 25.

பொருள்: ஒரே நேரத்தில் பல இடங்களில் வேலை பார்க்கும் வித்தையை நெய்வேலிக்கும் கற்றுத்தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நெய்வேலி நகரியவாசி ஒருவர் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இந்த ஊரில் 1, 1ஏ, 2 என மூன்று சுரங்கங்கள், மூன்று ஷிஃப்ட். பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது 1956-ல். அன்றிலிருந்து இன்றுவரை, முதல் சுரங்கத்தில் காலை ஷிஃப்ட் பார்த்தவர் அதே காலையில் இரண்டாம் சுரங்கத்திலும் ஷிஃப்ட் பார்த்ததாக இங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. இத்தனை பெரிய இயந்திரங்களை வைத்துக்கொண்டும் பழுப்பு நிலக்கரிக்காரர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கைவரவில்லை.

தங்கள் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரிகளுக்கு அது கைவந்திருக்கிறது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆசிரியர் பட்டியலைத் துருவி எடுத்து வெளியிட்ட விவரம் ஊருக்கே தெரியும்: 224 கல்லூரிகளில் 353 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முழுநேர ஆசிரியர்கள். ஒருவர் 11 கல்லூரிகளில். அப்போதைய துணைவேந்தர் வேல்ராஜ் அவர்களே பிறகு சொன்ன கணக்கு இதைவிடச் சுவையானது. சுமார் 2,000 பணியிடங்களை 189 பேர் நிரப்பியிருந்தார்கள். ஆளுக்குப் பத்துக்கு மேல் வருகிறது.

நகரியவாசி பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். உதவிப் பேராசிரியர் விதிப்படி வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பெடுக்க வேண்டும். 11 கல்லூரி என்றால் 176 மணி. வாரத்தில் இருப்பதோ 168 மணி. தூங்காமல், சாப்பிடாமல், பஸ் ஏறாமல் பாடம் நடத்தினாலும் எட்டு மணி நேரம் இடிக்கிறது. அந்த எட்டு மணி நேரத்தை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதைத் தயவுசெய்து தெரிவிக்கவும். ஓவர்டைம் கேட்டு அலையும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மிகவும் உபயோகப்படும்.

இப்படிப்பட்ட ஆளை எப்படி வேலைக்கு எடுக்கிறார்கள் என்று விசாரித்ததில், எடுப்பதே இல்லை என்று தெரிந்தது. தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ. கணக்குப்படி 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர். ஒரு பேராசிரியர், இரண்டு இணைப் பேராசிரியர், ஆறு உதவிப் பேராசிரியர் என்ற விகிதமும் உண்டு. மேல் பதவிகளுக்கு பிஎச்.டி. வேண்டும். பிஎச்.டி. முடித்தவருக்கு முறையான சம்பளம் கொடுத்தால் கட்டுப்படியாகாது. ஆகவே ஆள் அவர் வீட்டிலேயே இருக்கட்டும், பட்டம் மட்டும் வந்தால் போதும் என்று ஆகிவிட்டது. மாதா மாதம் வேண்டியதில்லை. இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்குத் தலையைக் காட்டினால் சரி. அன்று காலை துறைத்தலைவர் அறைக் கதவில் பெயர்ப் பலகை ஏறும். வருகைப் பதிவேட்டில் ஒரே பேனாவில் ஆறு மாதக் கையெழுத்து விழும். ‘சார் எந்த சப்ஜெக்ட்?’ என்று லேப் அட்டெண்டர் மட்டும் மெதுவாகக் கேட்டு வைத்துக்கொள்வார்.

உண்மையிலேயே வேலைக்கு வந்து சேரும் இளைஞருக்கு வேறு மாதிரி வரவேற்பு. வாக்-இன் இன்டர்வியூ, ஜாயினிங் ரிப்போர்ட் எல்லாம் முடிந்ததும் ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டுகளை வாங்கி அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். கூடாது என்று ஏ.ஐ.சி.டி.இ. சொல்லியிருப்பதை பீரோ படிப்பதில்லை. முழுச் சம்பளத்தை வங்கியில் போட்டுவிட்டு ஒரு பங்கை ரொக்கமாகத் திரும்ப வாங்குகிறார்கள் என்று ஆசிரியர் சங்கங்கள் நெடுநாளாகப் புகார் சொல்கின்றன. ஆக, வராதவர் பதினொரு இடத்தில் இருக்கிறார். வந்தவர் ஓர் இடத்தை விட்டு வெளியேற முடியாமல் இருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், நெய்வேலி இருக்கும் இதே கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தில் கதை நேர்த் தலைகீழ். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தேவைக்கு மேல் ஆட்களைச் சேர்த்துச் சேர்த்து, கடைசியில் 2013-ல் தனிச் சட்டம் போட்டு அரசே எடுத்துக்கொள்ள வேண்டிவந்தது. உபரி ஆசிரியர்களை அரசுக் கல்லூரிகளுக்கு அனுப்பிவைத்தார்கள். ஓர் இடத்தில் ஒரு வேலைக்குப் பல பேர், இன்னோர் இடத்தில் பல வேலைக்கு ஒரே பேர். இரண்டையும் கூட்டி வகுத்தால் விகிதாசாரம் சரியாக வந்துவிடும் என்று எந்தக் குழுவாவது அறிக்கை கொடுத்தாலும் ஆச்சரியமில்லை.

தாங்களும் சும்மா இல்லை. 2024 நவம்பரில் ஆசிரியர்களை மேன்பவர் ஏஜென்சி மூலம் எடுக்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் ஆனது. அந்த விஷயத்தில் நெய்வேலியிடம் முன்பே யோசனை கேட்டிருக்கலாம். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் என்ன என்பதில் இந்த ஊர் பிஎச்.டி. முடித்தது. நிரந்தரத் தொழிலாளி செய்கிற வேலையையே பக்கத்தில் நின்று செய்துகொண்டு, பணிநிரந்தரம் கேட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் 2023-ல் கூட வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆனால் ஒன்று: அவர்கள் நேரில் வருகிறார்கள். குழிக்குள் இறங்குகிறார்கள்.

இனி கைரேகை, முகப்பதிவு என்று கெடுபிடி வரும் என்கிறார்கள். நல்லது. ஆனால் இந்தூரில் ஒரு மருத்துவக் கல்லூரியில் செயற்கை விரல் செய்து வருகை பதிந்ததாக 2025-ல் சி.பி.ஐ. வழக்குப் போட்டிருப்பதையும் பார்த்துக்கொள்ளவும். விரலுக்கு வழி கண்டவர்கள் முகத்துக்கு எவ்வளவு நாள் யோசிப்பார்கள்? அதைவிடச் செலவில்லாத வழி ஒன்று நகரியவாசிக்குத் தோன்றுகிறது. மூன்றாம் ஆண்டு மாணவர் பத்துப் பேரிடம் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, இந்த செமஸ்டரில் யார் யார் பாடம் எடுத்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். பட்டியலில் இருக்கும் பெயர்களோடு ஒத்துப் பாருங்கள். கல்லூரித் தாளாளர் காபி கொடுத்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
நெய்வேலி நகரியவாசி

இணைப்பு: தகுதிச் சான்றிதழ்களின் நகல்கள் மட்டும். அசல் வேண்டுமென்றால், மகள் வேலையை விட்டு இரண்டு வருடமாகியும் பீரோவைத் திறக்காத கல்லூரியில் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்ளவும்.